தலையாட்டல் ஆராய்ச்சி: ஸ்டியரிங் டேம்பர் வேண்டுமா, வேண்டாமா?

தமிழர் தலையாட்டலுக்குப் பொருள் சொல்வது எளிதன்று. மேலும் கீழும் ஆட்டினால் சம்மதம், பக்கவாட்டில் திருப்பினால் மறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மாதிரி சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் ‘சரி’ என்றோ, ‘பார்க்கலாம்’ என்றோ, ‘நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, அவ்வளவுதான்’ என்றோ இடம் பார்த்துக் கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளின் தலையாட்டலில் இந்தக் குழப்பம் இல்லை. அதற்குப் பக்கவாட்டில் மட்டுமே ஆடத் தெரியும்; ஆகவே அதன் பொருள் மறுப்பு ஒன்றுதான். எதை மறுக்கிறது என்பதே ஆராயத்தக்கது. ஆனால் அதைக் கேட்காமலே, ஆடும் தலையைப் பிடித்து நிறுத்தத் தங்க நிறத்தில் ஒரு குழாய் வாங்கி மாட்டிவிடலாமா என்று யோசிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சைவ சித்தாந்திகள் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்துக்கொண்டு வழக்காடிய நாட்டில், இப்படியொரு பொருள் விசாரணையின்றி விற்பனையாவது முறையாகாது.

முதலில் பெயர்: ஸ்டியரிங் டேம்பர். எண்ணெய் நிரப்பிய ஒரு குழாய். உள்ளே ஒரு பிஸ்டன். ஒரு முனை வண்டியின் சட்டத்தில், மறு முனை முன்ஃபோர்க்கில். ஹேண்டில் திரும்பினால் பிஸ்டன் நகர, எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கி மறுபக்கம் போகும். மெல்லத் திருப்பினால் வழிவிடும், வெடுக்கென்று திருப்பினால் மறிக்கும். அவசரப்படுத்தினால் மட்டும் அடம்பிடிப்பது என்ற வகையில் இதன் குணம் அரசு அலுவலகக் கோப்பின் குணம். கலைச்சொல் ஆக்குவோர் இதை ‘திசைமாற்றி ஒடுக்கி’ என்று எழுதக்கூடும். அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தரமாட்டார்கள். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, காளைக்கு மூக்கணாங்கயிறு என்று பொருத்தமான சொற்கள் நம்மிடம் இருந்தும் பயனில்லை. எழுத்துக்கூட்டல் பற்றிக் கவலைப்படாத பட்டறை பில்லில் இது ‘டம்பர்’ என்று விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ‘டம்பம்’ என்னும் சொல்லோடு இதற்கு வேர்ச்சொல் உறவு கிடையாது என்று மொழிநூலார் சாதிப்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் தற்செயல்கள் சில சமயம் அகராதியைவிட விஷயம் அறிந்தவையாக இருக்கின்றன.

பொருள் புதிதென்று நினைப்பவர்களுக்காக ஒரு தொல்லியல் குறிப்பு. பழைய புல்லட்டின் ஹேண்டில் நடுவே கைக்கு அடக்கமாக ஒரு குமிழ் உண்டு. பலர் அதை அழகுக்கு வைத்தது என்று எண்ணித் துடைத்துவந்தார்கள். உண்மையில் அது டேம்பர்தான். திருகினால் உள்ளே உராய்வுத் தட்டுகள் இறுகி ஹேண்டில் கனமாகும். அதன் குறை, நிதானமான திருப்பத்தையும் திடீர் உதறலையும் அது ஒரே மாதிரி எதிர்ப்பது. நல்லவன் கெட்டவன் பாராத உராய்வு. எண்ணெய் டேம்பர் வேகம் பார்த்து எதிர்ப்பதால்தான் மேலானதாகக் கருதப்படுகிறது.

இனி, தலை ஏன் ஆடுகிறது? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் சாயும், மீளும், மறுபக்கம் கொஞ்சம் போகும், மறுபடி மீளும். அதை நிமிரவைக்கும் அதே பண்புதான் அதை ஆடவும் வைக்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமும் அப்படியே. ஃபோர்க்கின் திருப்ப அச்சை நேராக நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இது ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சக்கரம் கோணலானால் ட்ரெயில் அதை நேருக்கு இழுக்கிறது. இழுத்த வேகத்தில் சக்கரம் மறுபக்கம் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. வழக்கமாக இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தால் ஹேண்டில் பெட்ரோல் டாங்கை இருபுறமும் மாறி மாறி அறையும். ஃபோர்க்கை நெட்டாக நிறுத்தி, ட்ரெயிலையும் சக்கர இடைவெளியையும் குறைத்து, வளைவில் சட்டென்று திரும்பும்படி செய்த வண்டிதான் ஸ்போர்ட்ஸ் பைக்; ஆட்டம் என்பது அந்தச் சுறுசுறுப்பின் மறுபக்கம்.

இங்கேதான் நம் வழக்கின் தலைமைச் சாட்சி வருகிறார். பிரிட்டிஷ் பொறியாளர் ராபின் ஷார்ப் 1971இல் வெளியிட்ட ஆய்வில் மோட்டார் சைக்கிளின் அசைவுகளைக் கணக்குப் போட்டுப் பிரித்தார். ஒன்று, மெல்லச் சாய்ந்து விழுதல். அடுத்தது, முன்சக்கரம் மட்டும் விநாடிக்குச் சுமார் 6 முதல் 10 தடவை படபடப்பது. நம் தலையாட்டல் இதுதான். மூன்றாவது, முழு வண்டியும் விநாடிக்கு 2 முதல் 4 தடவை பாம்பு போல நெளிவது. வேகம் ஏற ஏற இது கூடும். ஸ்டியரிங் டேம்பர் இரண்டாவதை அடக்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் அதே டேம்பர் மூன்றாவதைத் தூண்டிவிடக்கூடும். காரணம் எளிது: நெளிவு தொடங்கும்போது முன்சக்கரம் தானே திரும்பி வண்டியைச் சமாளிக்கப் பார்க்கிறது, டேம்பர் அதன் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. திருடன் வரக்கூடாதென்று பூட்டிய பூட்டு, தீப்பிடித்தால் வீட்டுக்காரரையும் வெளியே விடாது. இந்த இக்கட்டு எத்தனை உண்மையானது என்றால், கேம்பிரிட்ஜின் மால்கம் ஸ்மித் கண்டுபிடித்து, 2005இல் மெக்லாரன் பந்தயக் காரில் ஓடிய இனெர்ட்டர் என்னும் உறுப்பை மோட்டார் சைக்கிளின் தலையிலும் பொருத்தி இரண்டு ஆட்டங்களையும் ஒருசேர அடக்க முடியுமா என்று ஷார்ப் உள்ளிட்டவர்கள் பின்னாளில் ஆராய்ந்தார்கள். குழாய் ஒன்றே போதுமானதாக இருந்தால் பேராசிரியர்கள் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

வரலாற்றுச் சான்றும் இதே திசையில்தான் போகிறது. 1997இல் வந்த சுசுகி டிஎல்1000எஸ் தலையாட்டலுக்குப் பேர்போனது. விதவையாக்கி என்ற பட்டப்பெயர் வாங்கியது. பிரிட்டனில் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சுசுகி டேம்பர் மாட்டிக்கொடுத்தது. டேம்பர் கட்சிக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அந்த வண்டியின் பின்சக்கர சஸ்பென்ஷனில் இருந்த சுழல்வகை டேம்பர் சூடேறியதும் தளர்ந்துவிடுகிறது என்ற புகாரும் கூடவே எழுந்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நோய் வாலில் இருக்கலாம். வைத்தியம் நடந்தது தலைக்கு. அடுத்த ஆண்டே வந்த யமஹா ஆர்1, ஏறத்தாழ 150 குதிரைத்திறனோடு, டேம்பர் இல்லாமலேயே சந்தைக்கு வந்தது. 2004இல் ஹோண்டா தன் சிபிஆர்1000ஆர்ஆரில் மின்னணு டேம்பரைப் பொருத்தியது. அது வண்டியின் வேகத்தையும் முடுக்கத்தையும் பார்த்துத் தெருவில் தளர்ந்தும் நெடுஞ்சாலையில் இறுகியும் தானே மாறிக்கொள்ளும். ஒரே இறுக்கம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது என்பதற்கு ஹோண்டா எழுதித்தந்த வாக்குமூலம் அது.

டேம்பர் எங்கே உண்மையில் பிழைப்பு நடத்துகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போக வேண்டும். அங்கே டிடி பந்தயம் நடப்பது சுமார் 60 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சாதாரண ஊர்ச்சாலையில். பலாஃப் பாலத்தில் வண்டி அந்தரத்தில் பறக்கிறது; மேடு தட்டும் இடமெல்லாம் முன்சக்கரம் தரையை விடுகிறது. பறந்த சக்கரம் இம்மி கோணலாக இறங்கினாலும் அடுத்த கணம் ஹேண்டில் உதறும். 200 குதிரைத்திறன் உள்ள வண்டியில் முழு ஆக்ஸிலேட்டரில் போகும்போதும் இதே நிலைதான்: எடை பின்னால் சாய, முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. அங்கே டேம்பர் உயிர்காப்பான். நம் வழக்கின் பிரதிவாதிகளோ 155 சிசி ஆர்15, 312 சிசி ஓசூர் அப்பாச்சி, 373 சிசி ஆர்சி 390 போன்றவர்கள். இவர்கள் கியர் மாற்றும்போது முன்சக்கரம் தானாக வானத்தைப் பார்ப்பது அபூர்வம். பார்த்தால் அது பெரும்பாலும் ஓட்டுபவரின் விருப்பத்தால், பார்வையாளர் இருக்கும் இடத்தில்.

இத்தகைய வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் தலையாட்டினால் அது சொல்லவரும் விஷயம் பெரும்பாலும் சாதாரணமானது. ஹேண்டில் கழுத்தின் பேரிங்கான கோன்செட் தளர்ந்திருக்கும், அதன் பால்ரேஸில் பள்ளம் விழுந்திருக்கும், டயர் நடுவில் சப்பையாகத் தேய்ந்திருக்கும், காற்று குறைந்திருக்கும், பின்னால் பெரிய பெட்டி மாட்டி எடையையெல்லாம் வாலில் ஏற்றியிருப்பார்கள். இல்லையென்றால் ஓட்டுபவர் ஹேண்டிலை இரும்புப் பிடியாகப் பிடித்துத் தன் தோளின் நடுக்கத்தைச் சக்கரத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ‘டக்’ என்று சத்தம் கேட்கிறதா, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். இதைப் பாராமல் டேம்பர் மாட்டினால் ஆட்டம் நிற்கும்; கோன்செட் தளர்ந்தேதான் இருக்கும். இது நோயைத் தீர்ப்பதன்று, நோயாளியின் வாயைப் பொத்துவது.

மறுப்புரைப்பார் சும்மா இருக்கமாட்டார். ‘விழுந்தால்தான் ஹெல்மெட் தேவை, அதற்காக அதைக் கழற்றிவைக்கிறோமா?’ என்பார். உவமை பொருந்தாது. ஹெல்மெட் வேலையில்லாதபோது சும்மா இருக்கிறது. டேம்பர் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை செய்கிறது. ஷேர் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் இடையே இருபது கிலோமீட்டர் வேகத்தில் நுழையும்போது இறுகிய டேம்பர் வண்டியை மரக்கட்டையாக்குகிறது. ‘கம்பெனிக்காரன் காசை மிச்சப்படுத்த விட்டுவிட்டான்’ என்பது இன்னொரு வாதம். அவன் காசை மிச்சப்படுத்துவான் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அப்படி மிச்சப்படுத்தியதில் டேம்பரைவிட டயர் முதல் இடம் பெறலாம். நல்ல டேம்பர் ஒன்றின் விலைக்கு நல்ல டயர் ஒரு ஜோடியே வாங்கிவிடலாமே. ‘நம் ஊர்க் குண்டு குழிகள்?’ என்ற மூன்றாவது வாதம் மட்டும் உண்மையிலேயே கனமானது. வேகத்தில் குழியில் விழுந்த சக்கரம் உதறத்தான் செய்யும். அந்த உதறலை டேம்பர் மெலிதாக்கத்தான் செய்யும். கோன்செட்டும் டயரும் சரியாக இருந்து, நெடுஞ்சாலையே வாழ்க்கையாக உள்ளவருக்கும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வார இறுதியைக் கழிப்பவருக்கும் இந்த அளவுக்குத் தீர்ப்பு சாதகம்தான்.

எஞ்சியிருப்பது தொல்காப்பியர் வசமுள்ள விஷயம். அவர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் பெருமிதமும் அடுத்தடுத்து நிற்பவை. டேம்பர் வாங்குபவர் வீட்டில் சொல்லும் காரணம் அச்சம். சிக்னலில் நிற்கும்போது அவருக்குள் நிகழ்வது பெருமிதம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பொன்னிற அலுமினியக் குழாய் கறுப்பு டாங்குக்கு மேலே குறுக்காகப் படுத்திருப்பது பார்க்க நன்றாகவே இருக்கிறது. அப்படி வாங்கியவருக்கு ஆராய்ச்சியாளர் தரும் விதி ஒன்றே: அதன் முனையிலுள்ள திருகைக் கிளிக் கிளிக்காக இடப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்து, மிகத் தளர்ந்த இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்நிலையில் அது ஏறத்தாழ எதையும் தடுக்காது, எதையும் அடக்காது. கழுத்தில் கிடக்கும் சங்கிலியைப் பார்த்து, இது எத்தனை அதிர்வெண்ணை ஒடுக்கும் என்று எவரும் கேட்பதில்லை.