கொண்டை ஊசி வளைவில் விமானம் திரும்புமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நீலகிரிக்கு வருகிறவர்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். 2024 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கு ஓர் உச்சவரம்பும் வந்தது: வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. மலையடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பாஸைப் பார்த்து, பையில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றும் துழாவுகிறார்கள். இத்தனை கெடுபிடிக்கும் சிக்காமல் ஒரு கூட்டம் மேலே வந்துபோக வழி இருக்கிறது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில், ஒருவர் ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு, காதில் ஹெட்செட்டும் கையில் ஜாய்ஸ்டிக்குமாக, கணினியின் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஆளுக்கொரு குட்டி செஸ்னா விமானத்தைக் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் கிளப்புகிறார்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் தேசிய நெடுஞ்சாலை 181-ஐப் பிடித்துக்கொண்டு குன்னூர் மலைப்பாதை வழியே ஊட்டிக்கு ஏறுவது திட்டம். லவ்டேலிலிருந்து பார்க்கிற எனக்கு இவர்கள்மேல் தனி மரியாதை உண்டு. ஹாரன் அடிப்பதில்லை, குரங்குக்குச் சிப்ஸ் போடுவதில்லை என்பது மட்டும் காரணம் இல்லை. இந்த மலைப்பாதை ஏன் இப்படிப் போகிறது என்பதை, அதில் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவரைவிட இவர்களே நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் கட்சி.

எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி வரும். வானம் பூராவும் இடம் கிடக்கிறது, அதில் போய்ச் சாலையைப் பிடித்துக்கொண்டு பறப்பானேன்? விமானம் கண்டுபிடித்ததே சாலையிலிருந்து தப்பிக்கத்தானே? சரித்திரம் இந்தக் கேள்விக்குத் துணை நிற்கவில்லை. ரேடியோ வழிகாட்டி எல்லாம் வருவதற்கு முன் விமானிகள் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் பறந்தார்கள். வழி தவறினால் தாழ இறங்கி ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு மறுபடி ஏறினார்கள். 1921-இல் கெய்ரோவுக்கும் பாக்தாதுக்கும் இடையே விமானத் தபால் தொடங்கியபோது கீழே பாலைவனத்தில் தண்டவாளமும் இல்லை, சாலையும் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படை என்ன செய்தது? மணலில் வண்டித் தடம் பதித்து, தடம் தெரியாத இடத்தில் ஏர் ஓட்டிக் கோடு கிழித்து வைத்தது. வானத்தில் போகிறவனுக்காகத் தரையை உழுதிருக்கிறார்கள்! இங்கிலாந்தின் வான்விதிகளில் இதற்கென்றே ஒரு விதியும் இருந்தது. சாலையையோ தண்டவாளத்தையோ பிடித்துப் பறக்கிறவர் அதை இடப்பக்கம் விட்டு வலப்பக்கமாக ஒதுங்கிப் போக வேண்டும். எதிரே வருகிறவரும் அப்படியே செய்தால் மோதல் இல்லை. விமானி இடப்புற இருக்கையில் இருப்பதால் சாலையும் நன்றாகத் தெரியும். தரையில் இடது, வானத்தில் வலது. மேட்டுப்பாளையம் டிரைவர்கள் மலைப்பாதையில் இரண்டையும் ஒரே சமயத்தில் கடைப்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் குழப்பம் வராது.

கூட்டமாகப் பறக்கும்போது சாலையைப் பிடித்துக்கொள்ள வேறொரு காரணமும் இருக்கிறது. பத்துப் பேரை வானத்தில் விட்டு ‘இஷ்டப்படி சுற்றுங்கள்’ என்றால் கால் மணி நேரத்தில் பத்துப் பேரும் பத்துத் திசையில் இருப்பார்கள். அதற்கு அவரவர் தனியாகவே பறந்திருக்கலாம். ‘கலிபோர்னியாவின் கடலோர நெடுஞ்சாலை, வடக்கிலிருந்து தெற்கே’ என்று சொன்னால் அது ஊர்வலம். குன்னூர் பாதை என்றால் இன்னும் விசேஷம். ஹெட்செட்டில் ஒருவர், “ஏனுங்ணா, கீழ தெரியறது பர்லியாறுங்களா?” என்பார். “இல்ல ப்ரோ, நீங்க இன்னும் கல்லாறே தாண்டல” என்று பதில் வரும். மூன்றாமவரின் விமானம் நெட் மந்தமானதால் இரண்டு மலை தாண்டிக் குதித்துத் திரும்பி வரும். நல்லவேளையாகச் சிமுலேட்டரில் ஒருவர் விமானம் இன்னொருவர் விமானத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போகலாம், கீறல் விழாது. இந்த வசதி மட்டும் நிஜக் குன்னூர் பாதைக்குக் கிடைத்தால் மே மாதத்தில் ஒருவழிப்பாதை அறிவிக்க வேண்டிய அவசியமே வராது.

இப்போது கணக்குக்கு வருவோம். என் கட்சி நிற்பது இதில்தான். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். வித்தியாசம் 1,500 மீட்டர் சொச்சம், விமானிகள் பாஷையில் 5,000 அடி. நூல் பிடித்தாற்போல் நேராக அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 17 கிலோமீட்டர். செஸ்னா 172-க்கு 180 குதிரைசக்தி இன்ஜின். நன்றாக ஏற வேண்டுமானால் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவில் மெதுவாகப் போக வேண்டும். அப்போதும் நிமிடத்துக்கு 700 அடி ஏறினால் பெரிது, வெயிலிலும் உயரத்திலும் அது 600 ஆகிவிடும். 17 கிலோமீட்டரைக் கடக்க ஏழு நிமிடம் சொச்சம். ஆக, குன்னூரை அடையும்போது விமானம் குன்னூருக்கு 600, 700 அடி கீழே இருக்கும். அந்த உயரத்தில் அங்கே வானம் கிடையாது, பாறைதான். சரி, கோயம்புத்தூரிலிருந்தே ஏறிக்கொண்டு வந்தால்? மேட்டுப்பாளையம் வரும்போது போதுமான உயரம் கிடைத்துவிடும், ஆனால் ஐயாயிரம், ஆறாயிரம் அடிக்குக் கீழே சாலை என்று ஒன்று இருப்பதாக நம்பிக்கொண்டு பறக்க வேண்டியதுதான். முன்கூட்டியே ஏறினால் சாலை போச்சு. அப்புறம் ஏறிக்கொள்ளலாம் என்றால் விமானம் போச்சு.

சாலை போட்டவர்களுக்கும் இருந்தது இதே சிக்கல். அவர்களுடைய இன்ஜின் மாடு. மாடு நேராக ஏறாது. ஆகவே ஏற்றத்தைக் குறைக்க நீளத்தைக் கூட்டினார்கள். நேராக 17 கிலோமீட்டர் இருப்பதை ஏறக்குறைய இரண்டு பங்காக்கி, 14 கொண்டை ஊசி வளைவுகளில் மடித்து மலைமேல் வைத்தார்கள். ரயில்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்தில், தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்து, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். அதற்கான விலை நேரம்: 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பல்லும் இல்லாத, கொண்டை ஊசியில் திரும்பவும் முடியாத செஸ்னாவுக்கு என்ன வழி? கொண்டை ஊசி வளைவின் ஆரம் பதினைந்து இருபது மீட்டர். அதே 140 கிலோமீட்டர் வேகத்தில், 30 பாகை சாய்த்துத் திருப்பினால் விமானத்துக்கு வேண்டிய ஆரம் சுமார் 270 மீட்டர். ஆகவே கூட்டத் தலைவர், “எல்லாரும் கல்லாறு மேல ஒரு ரவுண்டு போட்டு ஏறிக்கோங்க” என்கிறார். பத்து விமானமும் பாக்குத் தோப்புக்கு மேலே வட்டம் போடுகின்றன. அந்த வட்டம் வேறெதுவும் இல்லை, வானத்தில் போட்ட கொண்டை ஊசி வளைவுதான். சாலையைத் தொடர முடியாமல் தோற்ற இடத்தில், சாலை போட்டவர் கண்ட அதே விடையை விமானியும் கண்டுபிடித்துவிடுகிறார். காரில் வருகிறவருக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவருக்கு இன்ஜினில் வலு மிச்சம். இரண்டாவது கியரும் முன்னால் போகும் அரசுப் பேருந்தின் பின்புறமும்தான் அவர் கண்ட நீலகிரி.

‘அது பொம்மை மலைதானே ஐயா’ என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அதிலும் பெரிய பொம்மை. 2020-இல் மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டர் வெளிவந்தபோது மெல்போர்னின் சாதாரண வீட்டுப் பகுதியில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசியாக நின்றது. வரைபடத்தில் யாரோ 2 என்பதற்குப் பதில் 212 என்று தட்டிவிட்டார். இயந்திரம் மறுபேச்சில்லாமல் கட்டி முடித்துவிட்டது. பக்கிங்ஹாம் அரண்மனை ஆபீஸ் கட்டடமாகிப் போனது. ராணிக்கே அந்தக் கதி என்றால், கட்டடக் கலைஞர் சிஸம் வடிவமைத்த எங்கள் லாரன்ஸ் பள்ளிக் கட்டடமும் மணிக்கூண்டும் அடுக்குமாடிக் குடியிருப்பாக நின்றாலும் நான் கோபப்பட மாட்டேன். கேத்தி ஸ்டேஷனைத் தாண்டும்போது ‘மூன்றாம் பிறை’ கமலைத் தேடுகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். ஆனால் என் வாதம் கட்டடங்களை நம்பி இல்லை. மலையின் உயரம் செயற்கைக்கோள் அளவில் இருந்து வருகிறது, இன்ஜினின் வலு தயாரிப்பாளர் கொடுத்த கணக்கில் இருந்து வருகிறது. மாடியை 212 ஆக்கிய இயந்திரம் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரில் கை வைக்கவில்லை. அருவங்காடு தாண்டி, ‘வலப்பக்கம் ஒதுங்கு’ விதியை அளவுக்கு மீறி மதிக்கிற விமானி நேரே அதில் போய்த்தான் சேர்வார்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வர்க்கிக் கடைக்காரருடையது. வராமலே வருகிறவர் வர்க்கி வாங்குவாரா, டீத்தூள் வாங்குவாரா, பர்லியாற்றில் நிறுத்தி மங்குஸ்தான் பேரம் பேசுவாரா? மாட்டார். பேருந்தின் மூன்றாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடும் அனுபவமும் அவருக்கு இல்லை. குன்னூரில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் யூகலிப்டஸ் வாசனையும் இல்லை. இது நிஜமான நஷ்டம், நான் மழுப்பவில்லை. ஆனால் உச்சவரம்பு 8,000 என்று ஆன பிறகு 8,001-ஆவது வண்டிக்காரர் வீட்டில்தானே இருக்கப் போகிறார்? அவர் வீட்டில் சும்மா இருப்பதற்குக் கல்லாறு மேலே வட்டம் போடலாமே. அடுத்த முறை பாஸ் கிடைத்து வரும்போது, வளைவில் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்கிற மரியாதையாவது தெரிந்தவராக வருவார்.

ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்து 14 உயிர்கள் போயின. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய்விட்டது, விமானிக்குத் திசை தடுமாறியது என்று விமானப்படை விசாரணை சொன்னது. அதே பள்ளத்தாக்கில் விளையாட்டுக்குப் பறப்பது சரியா? பறக்கலாம், ஆனால் நேரலை வானிலையை அணைத்துவிட்டு, வெயிலை வரவழைத்துக்கொண்டு பறக்காதீர்கள் என்பேன். மேகம் வந்து கண்ணாடியை மூடும் அந்த நாலைந்து விநாடியில், தேர்ந்த விமானிகளுக்கே இங்கே என்ன நேரக்கூடும் என்று கொஞ்சமாவது பிடிபடும்.

மேகம் இல்லாத நாளில் குன்னூர் தாண்டிவிட்டால் மிச்சம் சுலபம். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று சாலையும் தண்டவாளமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். கேத்திப் பள்ளத்தாக்கு விரியும். லவ்டேல் இடப்பக்க ஜன்னலில். அப்புறம்தான் யாரும் யோசிக்காத சங்கதி ஒன்று வந்து நிற்கும்: நீலகிரியில் விமான நிலையமே கிடையாது. திரும்பக் கோயம்புத்தூர் போக வேண்டும். கௌரவம் பார்க்கிறவர்கள் ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானத்தில் இறக்கப் பார்ப்பார்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் விமானம் நினைத்ததைவிட வேகமாக வந்து, நினைத்த இடத்தில் நிற்காது. முதல் ஆள் மார்க்கெட் பக்கம் போய் நிற்பார், இரண்டாமவர் பஸ் ஸ்டாண்டில். பார்க்கிங்குக்கு இடம் தேடி ஊட்டிக்குள் இப்படி அலைவது மட்டும் நிஜத்தில் வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஒன்றுதான்.