முதலிலை நிக்கட்டும், மருமோன்

வா மருமோன், இரு. கையைத் துடைச்சுப்போட்டு இரு. உன்ரை மொறிஸ் மைனரைப் பற்றித்தான் மூண்டு நாளா உவர்மலை முழுக்கக் கதை. 1958ஆம் ஆண்டு வண்டி, 1 ஸ்ரீ நம்பர், கராச்சுக்குக் குடுக்காமல் சொந்தக் கையாலை திருத்திறாயாம். நல்ல விசயம். 2020இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டின நாளிலயிருந்து இந்த நாட்டிலை பழைய காருக்கு இருக்கிற சந்தை மதிப்பு படிச்ச மாப்பிள்ளைக்கும் இல்லை. 2025 மாசியிலை திரும்பத் திறந்துவிட்டினம்தான். ஆனால் அந்த வரியைக் கேட்டால், எங்களுக்கு ஒரு கார் வாங்கிறதோடை அரசாங்கத்துக்கும் ஒண்டு வாங்கிக் குடுக்கிற மாதிரிக் கிடக்கு.

உன்னைக் கூப்பிட்டது புத்தி சொல்ல இல்லை. பாராட்டத்தான்.

முதல் வேலையா முன்னுக்கு எல்.ஈ.டி. லைற் வாங்கினாய். எரியேல்லை. அடுத்ததாப் பாட்டுச் செற். அது ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் புகைஞ்சு போச்சுதெண்டு உன்ரை அம்மா சொல்லிச் சிரிக்கிறா. கடைக்காரன் ஏமாத்திப்போட்டானெண்டு நீ திட்டினியாம். பாவம் அவன். இந்தக் கார் பிறந்த காலத்திலை வெள்ளைக்காரன் பற்றறியின்ரை பிளஸ்ஸைத்தான் பொடியிலை கட்டினவன். இப்பத்தைச் சாமானெல்லாம் மைனஸ் பொடியிலை இருக்கெண்டு நம்பிச் செய்தது. நீ செற்றின்ரை இரும்புக் கூட்டை டாஷ்போட்டிலை வைச்சு முறுக்கேக்கை பிளஸ்ஸும் மைனஸும் முகத்துக்கு முகம் சந்திச்சுதுகள். சண்டை வராமல் இருக்குமோ?

டைனமோவைக் கழட்டிப்போட்டு ஒல்ரனேற்றர் பூட்டப்போறன் எண்டுறாய். அது பிழையெண்டு சொல்லமாட்டன். டைனமோ தாறது 20 அம்பியர் சொச்சம். அதுவும் கார் ஊர்ந்தால் ஒண்டும் தராது. மழை நாளிலை லைற்றும் வைப்பரும் சேந்தால் பற்றறி அழத்தொடங்கிவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலை பழைய யப்பான் காரின்ரை ஒல்ரனேற்றர் கிடைக்கும், தேடு. அதைப் பூட்டினால் மைனஸைப் பொடிக்கு மாத்து, கொயிலிலை இருக்கிற இரண்டு வயரையும் இடம் மாத்து. பிறகு லைற்றும் எரியும், செற்றும் பாடும். ஆனால் பஞ்சிகாவத்தைக்குப் போகமுந்தி என்ன வேணுமெண்டு எழுதி எடு. போனமுறை எழுதின துண்டைக் கடற்கரையிலை காருக்கு மேலை வைச்சாய், திருகோணமலைக் கோட்டையிலை திரியிற மான் வந்து திண்டுபோட்டுதாம். அந்த மானுக்கு இருக்கிற விவரம் எங்கடை குடும்பத்திலை ஆருக்கும் இல்லை. அந்தத் துண்டிலை முதல் வரி என்ன? நிக்கல் ஹப் கப் நாலு! விழுங்கவேண்டியதுதான்.

இனித்தான் மெயின் விசயம். தரை.

நேற்று நீ இல்லாத நேரம் உன்ரை வளவுக்கு வந்தனான். கோபிக்காதை. கையிலை ஒரு ஸ்குறூ டிறைவர் இருந்தது. பக்கத்துக் கதவுக்குக் கீழை, சில் எண்டுற பெட்டித் தகடு இருக்கெல்லோ, அதைப் பிடியாலை மெல்லத் தட்டிக்கொண்டு போனன். டிங், டிங், டிங் எண்டு வந்த சத்தம் பின்சில்லுக்குக் கிட்ட வர, பிட்டிலை கை வைச்ச மாதிரி சத்தமே இல்லாமல் போச்சுது. முனையாலை ஒருக்காக் குத்தினன். உள்ளுக்குப் போட்டுது. பெயின்ற் மட்டும் நல்ல பளபளப்பு. உள்ளை பாத்தால் துரு, அதுக்கு மேலை ஃபைபர், அதுக்கு மேலை கம்பளம். கொட்பேயிலை படகுக்கு ஃபைபர் போடுறவனைக் கூட்டிக்கொண்டு வந்து போட்டியாம், மலிவா முடிஞ்சுதாம்.

மருமோன், இதை ஓடப்போறியோ, மிதக்க விடப்போறியோ? லொறிக்கெண்டால் கீழை தனியாச் சேஸி இருக்கு, தரை போனால் பலகை போடலாம். மைனருக்கு அப்பிடித் தனிச் சேஸி இல்லை. தரையும் பக்கச் சில் தகடும் குறுக்குப் பெட்டியும் சேந்துதான் அதின்ரை முள்ளந்தண்டு. ஃபைபர் ஈரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு உள்ளுக்குள்ளை அரிக்கவிடும். மாரியிலை வாடைக்காத்து, கோடையிலை கச்சான், எந்தப் பக்கத்தாலை அடிச்சாலும் இந்த ஊரிலை உப்புத்தான். அந்த ஃபைபரை உரி. இத்த இரும்பை வெட்டி எறிஞ்சு, நல்ல தகட்டைச் சுற்றிவர வெல்ட் பண்ணு. அதுக்கு மட்டும் தெரிஞ்சவனைப் பிடி, உன்ரை கையிலை விடாதை. ரெட் ஒக்சைட் அடி. பிறகு அந்தச் சில் தகட்டுக்குள்ளை கழிவு ஒயிலை விசிறிவிடு, அது காசு இல்லாத மருந்து. காருக்குக் கீழை படுக்கேக்கை ஜக்கை மட்டும் நம்பாதை. மதில் கட்டின கொங்கிறீற் கல்லை அடுக்கி வைச்சிருக்கிறாய், கண்டன். அது நொருங்கேக்கை உனக்கு முன்கூட்டிச் சொல்லாது.

சாமான் இல்லையெண்டு சாட்டுச் சொல்லவும் முடியாது. இந்தக் கார்ப் பாகங்களைத் தென்னிலங்கையிலை செய்து, பாத் நகரத்திலை மைனர் திருத்தின சார்ள்ஸ் வெயாருக்கு இங்கிலாந்துக்கே அனுப்பினவங்கள். வெள்ளைக்காரனுக்கு நாங்கள் தகடு தட்டிக் குடுத்தம். நீ என்னடா எண்டால் படகு ஒட்டுறாய்.

பிறேக் மூண்டு தரம் மிதிச்சால்தான் பிடிக்குதாம். மாஸ்டர் சிலிண்டரைப் பொனற்றுக்குள்ளை ஒரு பகல் முழுக்கத் தேடினியாம். அது அங்கை இல்லை ராசா, உன்ரை காலுக்குக் கீழை. டிறைவர் பக்கக் கம்பளத்தைத் தூக்கு, ஒரு மூடி இருக்கும், அதுக்குள்ளை. உன்ரை ஃபைபர்காரன் அதுக்கு மேலையும் ஒரு பூச்சு விட்டிருக்கிறான். வீல் சிலிண்டர் றப்பர் கிட் வாங்கு, துருப்பிடிச்ச குழாய் எல்லாத்தையும் மாத்து. இந்தக் காருக்குப் பிறேக் வழி ஒண்டுதான். ஒரு குழாய் வெடிச்சால் நாலு சில்லும் ஒருமிக்கக் கைவிடும். உவர்மலையிலை இருந்து கீழை இறங்கேக்கை உன்ரை எல்.ஈ.டி. லைற் எரிஞ்சால் ஆரை மோதப்போறாய் எண்டு தெளிவாத் தெரியும், அவ்வளவுதான். முன்சில்லைத் தாங்கிற மரைத் துண்டுக்கு 1,000 மைலுக்கு ஒருக்காக் கிறீஸ் அடிக்கச் சொல்லித்தான் செய்தவன் சொன்னது. அடிக்காட்டி ஒரு நாள் சில்லு படுத்துக்கொள்ளும், நிலாவெளி றோட்டிலை நீயும் அதோடை படுக்கலாம்.

இப்ப எஞ்சினுக்கு வருவம். 948 சி.சி., 37 குதிரை. அதுக்குப் பெற்றோல் மிச்சம் பிடிக்கிற காந்தம் ஒண்டு வாங்கிக் குழாயிலை கட்டியிருக்கிறாய். அதைக் கழட்டிக் குளிர்சாதனப்பெட்டியிலை ஒட்டு, கரண்ட் பில்லையாவது பிடிச்சு வைக்கும். மிச்சம் பிடிக்கிறதெண்டால் பொயின்றை 15 தவு சரியா வை, பிளக்கைத் துடை, காபரேட்டரைக் கழுவு. 90களிலை பொருளாதாரத் தடைக்குள்ளை யாழ்ப்பாணத்தார் இதே மைனரையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் மண்ணெண்ணெயிலை ஓடினவங்கள். ஒரு சொட்டுப் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடேறினாப் பிறகு மாத்துவினம். குளிரிலை மண்ணெண்ணெய் ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டராலை வழிஞ்சு ஒயிலுக்கை கலக்கும், ஒயில் ரசமாகும். அதாலை அடிக்கடி ஒயிலைத் தொட்டுப் பாப்பினம். அவங்களிட்டைக் காந்தம் இருக்கேல்லை, காது இருந்தது.

எங்களுக்கு 2022 மட்டும் என்ன குறைச்சலே? சீனக்குடாவிலை வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது. அந்த ஊரிலை இருந்துகொண்டு கிழமைக்கு 20 லீற்றருக்குக் கியூ.ஆரைக் காட்டிக்கொண்டு வரிசையிலை நிண்டம்.

சரி, தேத்தண்ணியைக் குடி. ஒரு சின்ன விசயம் மட்டும். அந்தக் கழட்டின டைனமோவை இரும்புக்காரனுக்குப் போட்டிடாதை. காபரேட்டர் மாத்திறதெண்டால் பழசையும் இஞ்ச கொண்டு வா. ஏனோ? சும்மாதான். பின்வளவிலை, மாமரத்துக்குக் கீழை, தகரத்தாலை மூடிக் கிடக்கிறதை நீ பாத்திருக்கமாட்டாய். 11 வருசமாத் திருத்திக்கொண்டு இருக்கிறன். கிட்டப் போகாதை, பின்சீற்றிலை கோழி அடை கிடக்குது.