பொன்னாச்சிக்குப் பத்திரிகை வைக்கலை

கொங்குநாட்டில் ஒரு காரியம் கெட்டுப்போக எதிரி வேண்டியதில்லை. நெருங்கின சொந்தம் ஒன்றுக்குப் பத்திரிகை வைக்க மறந்தால் போதும். உடுக்கையடித்துப் பாடும் அண்ணமார் கதையில் பன்றி வேட்டை நாறிப்போனதும் அப்படித்தான். அழைப்பு வராத சொந்தம் ஒரு நாய் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த நாய்க்கு வருவதற்கு முன்னால், அன்னூரிலிருந்து சத்தி ரோட்டில் சரவணம்பட்டிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்வரும் என் மாப்பிள்ளையின் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை ராத்திரியானால் அஞ்சு பேர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் பூசாரி, ஒருவன் திருடன். கதை சொல்ல ஒருவன், தலைவிதியை நிர்ணயிக்கப் பகடை.

"ஏனுங் மாமா, ஃபைட்டரா வந்து தப்புப் பண்ணிட்டனுங். லெவல் ஏற ஏற அந்த விசார்ட் பய ஒரு மந்திரத்துல ஊரையே அழிச்சுப்போடறான். நான் கத்திய வெச்சுட்டு வேடிக்கைதானுங் பாக்கோணும். பேலன்ஸே இல்லீங்."

இந்தப் புலம்பலுக்கு ஐம்பது வயது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் வேலை போய்ச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த கேரி கைகாக்ஸும் அவருடைய கூட்டாளி டேவ் ஆர்னசனும் 1974-ல் இந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். அப்போது மூன்றே கிளாஸ்: வீரன், மந்திரவாதி, பூசாரி. திருடன் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தான். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம், கையில் ஒரு குத்துவாள். வீட்டுப் பூனை பிறாண்டினாலே போய்ச்சேர்ந்துவிடுவான் என்று ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். ஆனால் அவனைச் சாகவிடாமல் மேலே கொண்டுவந்துவிட்டால் கடவுளுக்கே கணக்குக் கேட்பான். வீரன் படிப்படியாக ஏறுவான், மந்திரவாதி லிஃப்டில் போவான்.

அண்ணமார் கதை பாடும் எங்கள் உடுக்கையடிப் பாட்டுக்காரர் கையிலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது. பேலன்ஸ் என்ற பேச்சே அதில் கிடையாது.

முதலில் பெரியவர் பொன்னர். பொறுமை, நியாயம், பண்ணையம். சண்டை என்றால் "பேசித் தீத்துக்கலாம்" என்பார். சனிக்கிழமை ராத்திரி இந்த வேஷத்தை எடுத்துக்கொள்ள ஒருத்தனும் முன்வரமாட்டான். சின்னவர் சங்கர் வீமனின் மறுபிறவி. எதையும் பேசித் தீர்க்காதவர். பலம் எல்லாம் அவர் பக்கம்தான் குவிந்து கிடக்கிறது. தங்கை தங்காளுக்கு நடக்கப்போவது கனவில் வந்துவிடும். அதைச் சொன்னால் அண்ணன்மார் கேட்கமாட்டார்கள். பொம்பளைப் பிள்ளை பேச்சைக் கேட்டிருந்தால் கதை மூன்றாம் நாளே முடிந்து பாட்டுக்காரருக்குக் கூலி குறைந்திருக்கும். ஆனால் அதே தங்காள் ஒரு ஜோடிக் கிளி கேட்டபோது மட்டும் மறுபேச்சில்லாமல் வேட்டுவர் காட்டுக்குள் ஆள் போனது. அங்கேதான் பகை முற்றியது.

நாலாவது ஆள் சாம்புவன். மூட்டை தூக்குவதிலிருந்து படையைக் கூட்டுவதுவரை எல்லாம் அவன் தலையில். அண்ணமார் என்று கதைக்குப் பேர் வைத்தவர்கள் அவனை ஏவலாளாகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த இடத்துக்குக் காரணம் அவன் லெவல் இல்லை, பிறந்த சாதி. இதை எந்த விதிப்புத்தகமும் சரிசெய்யாது.

இப்போது வேட்டை. 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை, 18 இரவு பாடக் கேட்டு, டேப்பில் பதிவு செய்தார். அந்த வடிவத்தைத்தான் சொல்கிறேன். கொம்பன் என்றொரு காட்டுப்பன்றி, வேட்டுவர் பக்கத்துச் செல்லம். வந்து வயலை நாசம் பண்ணி, ஏரிக்கரையை உடைத்துவிட்டுப் போனது. கரை உடைந்தால் கொங்கு விவசாயி சும்மா இருப்பானா? சங்கர் ஆள் அம்போடு, வேட்டை நாய்களோடு கிளம்பினார். பெரிய பெரிய நாய்கள் எல்லாம் போயின. வீட்டில் பொன்னாச்சி என்று கைக்குள் அடங்குகிற ஒரு பொட்டை நாய்க்குட்டி இருந்தது. "இத்துனூண்டு, இது எதுக்கு?" என்று விட்டுவிட்டார்கள்.

பொன்னாச்சி மானஸ்தி. வீட்டில் படுத்தபடியே காட்டிலிருந்த சேனை மொத்தத்தையும் நோயில் தள்ளிவிட்டது. வீமனின் மறுபிறவி சுருண்டு கிடக்கிறார். எதிரே பன்றியைக்கூடக் காணோம். அப்புறம்தான் யாருக்கோ உறைத்தது, யாரைக் கூப்பிடவில்லை என்று. ஆள் விட்டு, மன்னிப்புக் கேட்டு, மரியாதையோடு அழைத்துவந்தார்கள். வந்த பொன்னாச்சி பன்றியின் பின்பக்கம் போய், எங்கே கடித்தால் எந்த ஆண்பிள்ளையும் உட்கார்ந்துவிடுவானோ அங்கே கடித்தது. அதற்குப் பிறகு சங்கர் ஈட்டியை இறக்கினார். பேர் சங்கருக்கு.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவன் கேட்டது: "நாய்க்கு என்னங் கிளாஸ்?"

அதுதான் சங்கதியே. பாட்டுக்காரர் நாயைச் சங்கர் அளவுக்கு வளர்க்கவில்லை, சங்கரை நாய் அளவுக்கு வெட்டவும் இல்லை. நாய் இல்லாமல் கதை ஒரு அடி நகராத இடம் ஒன்றை மட்டும் வைத்தார். அமெரிக்காக்காரர்கள் 2008-ல் நாலாம் பதிப்பில் உண்மையாகவே சமன் செய்து பார்த்தார்கள். நினைத்தபோதெல்லாம் ஒன்று, சண்டைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வார்த்த சக்திகள். அநீதி ஒழிந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்று ஆட்டக்காரர்களில் பல பேர் கோபித்துக்கொண்டார்கள். 2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது மந்திரவாதி பழையபடி லிஃப்டில் ஏறிவிட்டான்.

சங்கருக்குக் கடிவாளமே இல்லையா என்றால், இருந்தது: 16 வயதுதான் ஆயுசு. கணக்கு முடிந்ததும் மாயவரான பெருமாள் குறிப்புக் காட்ட, தன் வாளிலேயே விழுந்தார். பின்னாலேயே பொன்னரும். ஆட்டத்தின் இன்றைய விதிப்படி, செத்து நாளானவரை எழுப்ப ஒரு பூசாரி ஒன்பதாம் லெவல் வரை ஏற வேண்டும். தங்காள் ஒரு லெவலும் ஏறாமல் பெரியகாண்டியம்மன் துணையோடு அண்ணன்மாரை எழுப்பி உட்காரவைத்தாள். இத்தனை நாள் கேட்காத தங்கச்சி பேச்சைச் செத்த பிறகுதான் கேட்டார்கள், அதுவும் கொஞ்ச நேரம்.

மாப்பிள்ளை அடுத்த ஆட்டத்தில் சாம்புவனாக வரப்போகிறானாம். சரியான முடிவுதான். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவின் வேடபரி ஊர்வலத்தில் சாம்புவனின் முரசுதான் முன்னே போகிறது. பொன்னரின் குதிரை வாகனம் அதற்குப் பின்னால்தான்.