கண்ணுக்குத் தெரியாத கங்காணிக்கு ஒரு பாராட்டுரை

மூவார் தளவாடங்களுக்குப் பேர்போன ஊர். மலேசியாவிலிருந்து வெளிநாட்டுக்குக் கப்பலேறும் கட்டில், மேசை, நாற்காலிகளில் பெரும்பங்கு இங்கே செய்தவை. அந்தப் புகழோடு இன்னொரு புகழையும் ஊருக்குச் சேர்க்கும் பெருந்தகை ஒருவர் நம்மிடையே வாழ்கிறார். நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறையின் முதலாளி. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார். மறைந்திருந்து செய்வதுதான் அவர் சுபாவம்.

பட்டறை ஆபீசில் கணக்கு எழுதும் பெண்கள் மேல் அவருக்கு அளவில்லாத அக்கறை. எல்லோரும் வீட்டுக்குப் போன ஓர் இரவில், தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை போர்த்துகிற தாயைப் போல, ஓசைப்படாமல் ஒவ்வொரு கணினியிலும் ஒரு மென்பொருளை ஏற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. செய்த உபகாரத்தைச் சொல்லிக் காட்டுவது பெரிய மனிதருக்கு அழகா?

அன்று முதல் தட்டும் எழுத்தெல்லாம் பதிவாகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை படமாகிறது. எல்லாம் முதலாளியின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. காலையில் மாமாக் கடையில் கோப்பி ஓவோடு உட்கார்ந்து படிப்பார். ஒரு பக்கத்தில் என்ன இருக்கும்? மேலே ஒரு பில் எண். அதற்கடுத்த வரியில் வங்கிக் கணக்கின் பயனர் பெயர், ஒட்டியே கடவுச்சொல். அதன் கீழே தங்காக்கில் இருக்கும் அம்மாவுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் குறையவில்லை என்று ஒரு வரி. பிறகு மறுபடியும் பில் எண். எது வேலை, எது வாழ்க்கை என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது. முதலாளியும் பிரித்துப் பார்க்கிற குறுகிய மனம் கொண்டவரல்லர். நம்மவர்களிடம் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று மேடைதோறும் புலம்புகிறவர்கள் ஒரு நாள் வந்து இவரைப் பார்க்க வேண்டும்.

வாசிப்பால் விளைந்த பயனும் உண்டு. கணக்குப் பெண்களில் ஒருவர் கருவுற்றிருந்தார். மாமியாரிடம் சொல்வதற்கு முன்பே முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. உடனே அவருடைய வேலைப் பளுவைக் குறைத்தார். குறைக்கிற கை நிற்காமல் வேலையையே குறைத்துவிட்டார். கர்ப்பிணியை அப்படி நிறுத்தக் கூடாது என்று 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் சொல்வதெல்லாம் இவருடைய வேகத்துக்கு ஈடாகுமா?

அவருடைய துணிச்சலையும் சொல்லியாக வேண்டும். "என் கணினி, என் மின்சாரம், என் இஷ்டம்" என்பார். பெட்டி அவருடையதுதான், மறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் சொந்த மின்னஞ்சல் பெட்டி யாருடையது என்ற அற்பக் கேள்வியில் அவர் நேரத்தை வீணாக்கவில்லை. பதிவில் கிடைத்த கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தே பார்த்துவிட்டார். 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதி இல்லை என்று தெரிந்தே ஒருவருடைய தரவுக்குள் நுழைகிறவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்று பரிசு வைத்திருக்கிறது. அடுத்தவர் செய்தியை இடையில் புகுந்து ஒட்டுக்கேட்கிறவர்களுக்கு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆம் பிரிவு காத்திருக்கிறது. எதற்காகத் தரவு எடுக்கிறீர்கள் என்பதைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடு என்கிறது 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 2024 திருத்தம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. மாதச் சந்தா கட்டி ஒரே ஒரு மென்பொருளை வாங்கி இத்தனை சட்டங்களோடும் உறவு கொண்டாட முடிந்தவர் ஜொகூரில் வேறு யார்?

சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியல் சாசனத்தின் 5ஆம் விதி தருகிற தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றார். நம்மவர் இருவர் பெயர் பதிந்த தீர்ப்பு. முதலாளி படித்திருக்க மாட்டார். பணியாளர் எழுதுவதைப் படித்து முடிக்கவே அவருக்குப் பொழுது போதவில்லை.

ருமேனியாவில் பர்புலெஸ்கு என்ற ஊழியர், சகோதரரோடும் நிச்சயித்த பெண்ணோடும் யாகூ மெசஞ்சரில் பேசியதை நிறுவனம் 45 பக்கம் அச்சடித்து எடுத்து வைத்துக்கொண்டு, 2007இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் ஊழியர் பக்கம் நின்றது. கண்காணிப்பு எந்த அளவுக்குப் போகும் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லவில்லை என்பது முக்கியமான குறை. பாவம் ஐரோப்பியர்கள், சொல்லாமல் செய்வதன் சுவை அவர்களுக்குத் தெரியவில்லை.

வள்ளல்தன்மையிலும் குறைவில்லை. பெண்களின் ரகசியத்தைத் தானே வைத்துக்கொள்ளாமல், எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வரிலும் சேர்த்து வைக்கிறார். அப்படிப்பட்ட வேவு மென்பொருள் விற்கும் எம்ஸ்பையிடமிருந்து, 2024இல் உதவி கேட்டு வாடிக்கையாளர்கள் எழுதியவை வெளியே கசிந்தன. சுமார் 24 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன. பிறரை உளவு பார்க்கப் புறப்பட்டவர்களை உலகமே உளவு பார்த்தது. தியாகம் என்றால் இதுதான். நாளை அந்தக் கணக்குப் பெண்ணின் வங்கிப் பணம் காணாமல் போனால், கடவுச்சொல் வேறு யார் கையில் இருந்தது என்று போலீஸ் கேட்குமே, அப்போதும் வரிசையில் முதல் ஆளாக நிற்கப் போகிறவர் நம்மவர்தான்.

தோட்டத்துக் கங்காணிகளை இவரோடு சேர்த்துப் பேசுவது இவருக்கு இழுக்கு. அவர்கள் விடியலில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க நின்று ஆள் எண்ணினார்கள். வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார்கள். கொடுமைக்காரர்கள் இருந்தார்கள், ஆனாலும் கங்காணி வருகிறார் என்று பேச்சை நிறுத்தவாவது முடிந்தது. பார்க்கிறேன் என்பதைக் காட்டிக்கொண்டே பார்த்த நாகரிகமற்ற காலம் அது.

வாசகர்களே, இப்படி ஒரு புண்ணியவான் உங்கள் ஆபீசிலும் இருப்பதாகத் தோன்றினால் அவருடைய உழைப்பை வீணாக்காதீர்கள். என்னைப் பற்றி என்னென்ன தரவு வைத்திருக்கிறீர்கள், நானும் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கு முன்னால், இன்றைக்கே வீட்டுக்குப் போய், உங்கள் சொந்தக் கைபேசியில் வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.