டாஷ்போர்டின் இளமை

1970 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டாட்சன் 240இசட் காரில், விரிசல் விழாத அசல் டாஷ்போர்டு இன்று குதிரைக்கொம்பு. அதன் மேலுறையான வினைல், அதாவது பிவிசி, இயல்பிலேயே விறைப்பானது. அதில் கலக்கும் எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிதான் மென்மை தருகிறது. வெயிலில் அது கசிந்து ஆவியாகி, முன்கண்ணாடியில் பிசுக்காய்ப் படிகிறது. அதாவது, டாஷ்போர்டின் இளமையைத்தான் உரிமையாளர் துணியால் துடைத்து எறிகிறார். "விரிசலைக் கீறி அகலமாக்கி, வளைந்துகொடுக்கும் பசையை நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் போதாதா?" போதும், சில கோடைகளுக்கு. சுற்றியிருக்கும் வினைல் சுருங்குவதை நிறுத்தாதே. ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். "மேலே பிளாஸ்டிக் மூடி போடலாமே?" போடலாம், நோய் தீராது, போர்வை கிடைக்கும். ஆக, உருப்படியான வைத்தியம் வரும்முன் காப்பதுதான்: நிழலில் நிறுத்துவது. ஆனால் பழைய காரை வாங்குவதே நாலு பேர் பார்க்கத்தானே? நிழலில் யார் பார்ப்பார்கள்!