அடி தாங்கத் தேற்றும் வைத்தியம்

கேள்வி: லிபியாவில் கடாபியின் ஆட்கள் செய்யாத அக்கிரமம் இல்லை. பிடிபட்ட பிறகு அவர்களுக்கு மனித உரிமை ஒரு கேடா?

பதில்: அவசியம் வேண்டும். 1996-ல் அபு சலீம் சிறையில் கொல்லப்பட்ட கைதிகளின் குடும்பங்கள், தங்கள் வழக்கறிஞர் கைதானதும் 2011 பிப்ரவரியில் பெங்காசி தெருவில் இறங்கினார்களே, அங்கே மூண்டதுதான் கடாபியைக் கவிழ்த்த புரட்சி. கைதிக்கு நியாயம் கேட்டு ஜெயித்தவர்கள் கைதியை அடிக்கலாமா? அடித்தார்கள். மிஸ்ராத்தா நகரில் விசாரணைக்கு நடுவே கைதிகளை மருத்துவர்களிடம் தூக்கிவந்து, அடுத்த சுற்று அடி தாங்குமளவு தேற்றித் தரச் சொன்னார்கள். அதற்கு உடன்படாமல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு 2012 ஜனவரியில் அந்தச் சிறைகளில் வேலையையே நிறுத்தியது. நெஞ்சுரம்! தவிரவும், அடித்து வாங்கிய வாக்குமூலம் ஒழுங்கான நீதிமன்றத்தில் நிற்காது. அதைக் காட்டியே நிஜக் கொலைகாரனும் தப்பிவிடுவான்.