மருமவன் வண்டிக்கு நகை போட்டான்

ஏலே மருமவனே, இங்கன வா. வண்டிக்குப் புதுச் சைலன்சர் மாட்டிருக்கியாமே? நல்ல காரியம். நீ கோயில் முக்கு திரும்பும்போதே உங்கத்தை உலை வச்சிருதா. போன் போட்டுச் சொல்ற செலவு மிச்சம்.

சத்தம் கூடுனா வேகமும் கூடும்னு கடைக்காரன் சொன்னானாக்கும்? உன் ஸ்ப்ளெண்டர்ல இருக்கதே எட்டுக் குதிரை. உள்ள கெடந்த தடுப்பை உருவிட்டா ஒம்பதாவது குதிரை ஓடியாந்துருமோ? பெட்ரோல் அளவு, காத்து, புகைபோற குழாய் எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்பாத்துச் செஞ்சிருக்கான். நீ ஒண்ணை மட்டும் மாத்திட்டு, "இழுவை கொறஞ்சிருக்கு மாமா"ங்க. கொறையாம? போலீஸ்காரர் சங்கதி வேற கெடக்கு. 2019-ல திருத்துன சட்டத்துல சத்தத்துக்கு 10,000 ரூவா வரைக்கும் அபராதம், லைசன்சும் மூணு மாசம் முடங்கும். ரசீதை பத்திரமா வையி, சைலன்சர் வாங்குன பில்லோட சேத்துக் கட்டிக்கிடலாம்.

டயரும் தடியாயிருக்கே! 80 மில்லிமீட்டர் டயர் ஓடுன ரிம்முல 120-ஐத் திணிச்சிருக்க. ஓரம் ரெண்டும் நெருங்கி, நடுவு மட்டும் தூக்கிட்டு நிக்கி. எடை கூடிப்போச்சு, மைலேஜ் எறங்கிப்போச்சு. செயின் கவர்ல டயர் உரசுத சத்தம், சைலன்சர் புண்ணியத்துல உனக்குக் கேக்கல.

ஹேண்டிலையும் தாழ்த்திட்டியே. நாத்து நடுதவ மாதிரி குனிஞ்சுக்கிட்டே போற. அவளுக்காவது சாயங்காலம் கூலி உண்டு.

அதெல்லாம் உன் முதுவு, உன் பர்சு. ஆனா பின் மட்கார்டை அறுத்த பாரு, அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். போன மழைக்கு என் மவ உன் பின்னால உக்காந்து வந்து எறங்குனா. ரவிக்கை முதுவுல இருந்து கொண்டை வரைக்கும் செம்மண்ணு ஒரே கோடா ஏறிக்கெடக்கு. சேலை மாட்டாம இருக்கக் கம்பெனிக்காரன் போட்ட கம்பிவலை எங்கலேன்னா, "அது பாக்க அசிங்கமா இருந்துச்சு"ன்னு கழட்டிட்டியாம். பின்சக்கரத்துல பாதியாவது மூடியிருக்கணும், உடுப்பு சிக்கப்படாதுன்னு 1989-லயே விதி போட்டு வச்சிருக்கான். நீ பொறக்கதுக்கு முந்தியே என் மவளைப் பத்தி எவனோ ஒருத்தன் யோசிச்சிருக்கான், பாத்துக்கோ.

விளக்கு? 35 வாட் ஹாலஜன் பல்பை எடுத்துட்டு அதே கிண்ணத்துல எல்ஈடியைச் சொருகிருக்க. அந்தக் கிண்ணம் பழைய பல்பு இழைக்குன்னு வளைச்சது. இப்ப வெளிச்சம் செதறி எதுக்க வாரவன் கண்ணுல போயி விழுது, உனக்கு முன்னால கெடக்குற குழி தெரிய மாட்டேங்குது.

ஒருநா விக்கப்போவேல்லா, அப்ப வாங்குதவன் இதுக்கெல்லாம் ஒத்த ரூவா கூட்டித் தர மாட்டான். சுத்தி வந்து பாத்துட்டு, "ஒரிஜினல் சாமான் இருக்காண்ணே?"ன்னுதான் கேப்பான். ஆயிரம் ரெண்டாயிரம் கொறைக்கவும் செய்வான்.

அதனால கழட்டுன எதையும் பழைய இரும்புக்குப் போட்டுராத. பழைய சைலன்சர், டயரு, ஹேண்டிலு, மட்கார்டு, அந்தக் கம்பிவலை எல்லாத்தையும் சாக்குல கட்டி நம்ம தொழுவுல கொண்டாந்து வையி. வாடகை பேசிக்கிடலாம். கம்பிவலையை மட்டும் இன்னைக்கே மாட்டிருலே.